அப்பாவுக்கு வென்டிலேட்டரை நிறுத்தச் சம்மதிப்பது கொலையாகுமா?

கேள்வி:

ஐயா, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் தென்னை விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. எழுபத்தெட்டு வயதான என் அப்பா மூளையில் ரத்தக்குழாய் வெடித்து மயங்கி விழுந்தார். மூன்று வாரமாகக் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருக்கிறார். ஆபரேஷன் செய்தார்கள், கழுத்தில் துளை போட்டு மூச்சு கொடுக்கிறார்கள், இதுவரை கண் விழிக்கவில்லை. இப்போது சிறுநீரகமும் பழுதாகிவிட்டது, டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்கிறார்கள். பிழைத்தாலும் நினைவு திரும்பாது என்றும், முடியாவிட்டால் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் தன் கூட்டாளி ஒருவர் இதேபோல் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, "எனக்கு இந்தக் குழாயெல்லாம் சொருகி வைக்காதீங்க" என்று என்னிடம் சொன்னார். இதைச் சொன்னால் தம்பி, "உயிரைக் கொடுத்தவன்தான் எடுக்கணும், நீ செய்யச் சொல்வது கருணைக்கொலை, வயிற்றுப் பிள்ளையைக் கலைக்கச் சட்டம் போட்டவங்க கிழவனையும் முடிக்கத்தான் சொல்வாங்க" என்று சண்டைக்கு வருகிறான். அவன் மனைவி கத்தோலிக்கர். அவர் வீட்டாரும் அப்படியே சொல்கிறார்கள். விருதுநகர்ப் பக்கம் வாக்கப்பட்ட அத்தையோ, வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்தால் நிம்மதியாகப் போய்விடுவார் என்கிறார். தோப்பில் ஒரு பகுதியை விற்றாகிவிட்டது. நான் சம்மதித்தால் அப்பாவைக் கொன்றவள் ஆகிவிடுவேனா?

— ஒரு வாசகி, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நோய் மருத்துவத்தின் கைமீறிவிட்டது என்று உறுதியான பிறகு, அப்பாவே வேண்டாம் என்று சொல்லியிருந்த ஒரு சிகிச்சையை முறைப்படி நிறுத்தச் சம்மதிக்கும் மகளைச் சட்டமும் கொலைகாரி என்று சொல்வதில்லை, மருத்துவ அறமும் சொல்வதில்லை. ஆனால் நோயைப் பற்றிய உறுதி, அப்பாவின் விருப்பம், முறையான நடைமுறை என மூன்று நிபந்தனைகள் இந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கின்றன. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவற்றில் எதுவும் இன்னும் முழுமையாக நிறைவேறியதாகத் தெரியவில்லை. ஆகவே இன்றே எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

முதலில் உறுதி. "நினைவு திரும்பாது" என்று யார் சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்று கடிதத்தில் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி மாறும் இளம் மருத்துவர் நடைபாதையில் சொன்னதும், ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் வைத்து நரம்பியல் நிபுணர் உட்கார்ந்து விளக்கியதும் ஒன்றல்ல. நிபுணரிடம் நேரம் கேட்டு வாங்குங்கள்; தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள். அப்பாவுக்கு மயக்க மருந்து இன்னும் ஓடுகிறதா, நிறுத்தி எத்தனை நாளாகிறது என்று கேளுங்கள். சிறுநீரகம் கெட்டு ரத்தத்தில் யூரியா ஏறினால் அதுவே ஒருவரை மயக்கத்தில் வைத்திருக்கும் என்பதால், இப்போதுள்ள நினைவிழப்பில் மூளைக் கசிவின் பங்கு எவ்வளவு, யூரியாவின் பங்கு எவ்வளவு என்று கேட்பது மிகவும் நியாயமான கேள்வி. எல்லாம் நல்லபடியாக நடந்தால் அதிகபட்சம் எந்த நிலைக்கு வருவார், உங்களை அடையாளம் காண்பாரா, தானாக மூச்சு விடுவாரா, வாயால் ஒரு வாய் கஞ்சி குடிப்பாரா என்றும் கேளுங்கள். "சொல்ல முடியாது, ஆண்டவன் விட்ட வழி" என்பது மருத்துவரிடமிருந்து ஏற்றுக்கொள்ளத்தக்க பதில் அல்ல. எந்த மருத்துவருக்கும் முழு நிச்சயம் இருக்காது. ஆனால் தன் கணிப்பையும் அதற்கான காரணத்தையும் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.

மூளைச்சாவு என்பது இதிலிருந்து வேறுபட்டது. மூளைத்தண்டும் செயலிழந்து, உரிய சோதனைகளால் அது உறுதி செய்யப்பட்டால், 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி அது மரணம்தான். உங்கள் அப்பா அந்த நிலையில் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. எனவே அவர் உயிரோடிருக்கும் மனிதர், அவரைப் பற்றிய முடிவு உயிரோடிருப்பவரைப் பற்றிய முடிவு என்ற நினைப்போடுதான் மேற்கொண்டு பேச வேண்டும். தம்பியின் கோபத்தில் எனக்கு மதிப்புக்குரியதாகப் படுவதும் இந்த ஒரு விஷயம்தான்.

இனி, செயற்கை சுவாசம் எதற்காக என்று பார்ப்போம். கூரைக்குக் கான்கிரீட் போட்டால் அது இறுகும்வரை கீழே முட்டு கொடுத்து நிறுத்துகிறோம் அல்லவா, வென்டிலேட்டரும் டயாலிசிஸும் அப்படிப்பட்டவையே. உடல் தன் வேலையைத் தானே செய்யத் தொடங்கும் வரை தாங்குவதற்கு வந்தவை. நுரையீரல் காய்ச்சலிலோ பாம்புக்கடியிலோ அந்தத் தாங்குதல் உயிர்காக்கும் சிகிச்சையாகிறது, ஏனென்றால் சில நாளில் உடல் மீண்டுவிடுகிறது. மீளும் வாய்ப்பே இல்லை என்று தெளிந்த பிறகும் அதைத் தொடர்ந்தால், குணமாக்கும் வேலை அங்கே நடப்பதில்லை. இறக்கும் நேரத்தை நீட்டும் வேலைதான் நடக்கிறது. அப்போது நாம் எடைபோட வேண்டியது அந்தச் சிகிச்சையின் பயனை மட்டுமே. அப்பாவின் உயிருக்கு மதிப்பு உண்டா என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படுத்த படுக்கையாகக் கிடப்பது ஒரு வாழ்க்கையா என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல், கட்டிலில் இருந்தபடியே குடை கட்டியும் காகிதப் பேனா செய்தும் வீட்டுக்குச் சம்பாதிப்பவர்கள் கேரளத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் அது வாழ்க்கைதான் என்பார்கள். "இப்படி இருப்பதைவிடப் போவதே மேல்" என்ற தீர்ப்பை ஆரோக்கியமாக இருப்பவர்கள் அடுத்தவருக்காக எழுதத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று உடல் ஊனமுற்றோர் அமைப்புகள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது அந்த வாதத்தைச் சொன்னால் அதை முடிவுக்கு அடிப்படையாக்காதீர்கள்.

சிகிச்சையை நிறுத்துவதும் கொல்வதும் ஒன்றுதான் என்று தம்பி மட்டும் சொல்லவில்லை. நெறியியல் படித்த பெரிய அறிஞர்களில் ஒரு சாராரும், விளைவு ஒன்றாயிருக்கும்போது இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. நச்சு மருந்து ஊசியைப் போட்டால் நோயில்லாதவரும் இறப்பார், நோயுள்ளவரும் இறப்பார். இயந்திரத்தை நிறுத்தினால் நோய் முற்றியவர் மட்டுமே அந்த நோயால் இறப்பார். அமெரிக்காவில் கேரன் ஆன் குவின்லன் என்ற இளம்பெண்ணின் வழக்கில் 1976ஆம் ஆண்டு நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வென்டிலேட்டரை எடுக்க அனுமதித்தது. எடுத்தார்கள், எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் தானே மூச்சுவிட்டு, நினைவு திரும்பாமலேயே 1985 வரை உயிரோடிருந்தார். அவரைக் கொல்வது பெற்றோரின் நோக்கமாக இருந்திருந்தால் அது தோல்வி என்றாகும். அவர்களோ தினமும் போய் மகளைப் பார்த்துவந்தார்கள், உணவு செலுத்தும் குழாயை எடுக்கச் சொல்லவே இல்லை.

தொடங்காமல் விடுவது பரவாயில்லை, தொடங்கியதை நிறுத்துவதுதான் பாவம் என்ற எண்ணமும் நம்மிடையே வலுவாக இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிடக் கையால் ஒன்றைச் செய்வது மனத்தை அதிகம் உறுத்தும்; அது இயல்பு. ஆனால் அறத்தில் இரண்டும் ஒரே எடைதான். தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்று வைத்துக்கொண்டால், பிழைக்க ஒரு வாய்ப்பு இருப்பவருக்குக்கூடச் சிகிச்சையைத் தொடங்கக் குடும்பங்கள் பயப்படும். உங்கள் வீட்டு நிலைக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. தம்பியின் மனம் ஆறவில்லை என்றால், டயாலிசிஸை ஒரு கெடு வைத்துத் தொடங்கச் சொல்லலாம்: இத்தனை நாள் செய்வது, யூரியா இறங்கிய பிறகும் கண் திறக்கவோ சொன்னதற்கு அசையவோ இல்லையென்றால் அதோடு நிறுத்துவது என்று மருத்துவரும் நீங்கள் இருவரும் முன்கூட்டியே பேசி, நோயாளியின் கோப்பில் எழுதச் செய்துவிட வேண்டும். நான் முன்பு சொன்ன யூரியா சந்தேகமும் அதில் தீர்ந்துவிடும். ஏற்கெனவே ஸ்கேனிலேயே மூளைத்தண்டுவரை சேதம் தெளிவாகத் தெரிகிறது என்று நிபுணர் சொன்னால் இந்தச் சோதனைக்கே தேவையிருக்காது.

சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவமனைகளிலேயே பலருக்கு இது தெரியவில்லை. தெரிந்த சிலர் தெரியாததுபோல் இருக்கிறார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே பணியாளர் ஒருவரால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தி இறக்க விட வேண்டும் என்று எழுத்தாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை மறுத்தது. ஆண்டுக்கணக்கில் அவரைக் குளிப்பாட்டி ஊட்டிவந்த செவிலியர்களே அவருக்கு நெருக்கமானவர்கள், அவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். எனினும், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற கொள்கையை அதே தீர்ப்பு ஏற்றது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார்.

அதன்பின் 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று கூறி, தீராத நோயில் சிகிச்சையை நிறுத்துவதையும், ஒருவர் தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதையும் ஏற்றது. ஆனால் மாவட்ட ஆட்சியர் குழு அமைக்க வேண்டும், மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்ற நடைமுறை எந்தக் குடும்பத்தாலும் ஏற முடியாத மலையாக இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அது எளிதாக்கப்பட்டது. இப்போது மருத்துவமனையே முதல் குழுவை அமைக்கிறது. அதில் சிகிச்சை தரும் மருத்துவரும், அந்தத் துறையில் ஐந்தாண்டாவது அனுபவமுள்ள குறைந்தது இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள். அவர்கள் நிறுத்தலாம் என்றால், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி பெயர் சொல்லும் ஒரு மருத்துவரும் கொண்ட இரண்டாம் குழு அதைத் தனியே பார்த்துச் சொல்லும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும், அவர் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம்.

எல்லை தாண்டி வாழும் நமக்கு இதில் ஒரு கூடுதல் கவலை வரும். நோயாளி கேரளத்துக்காரர் என்பதற்காகப் பாலக்காட்டு அதிகாரிகளிடம் நீங்கள் அலைய வேண்டியதில்லை. படுக்கை எங்கே இருக்கிறதோ அந்த மாவட்டமே கணக்கு. கோயம்புத்தூர் மருத்துவமனை என்றால் கோயம்புத்தூர் மாவட்ட அதிகாரியே இரண்டாம் குழுவுக்கு மருத்துவரை நியமிப்பார். "எங்கள் மருத்துவமனையில் அந்த வழக்கம் இல்லை" என்று நிர்வாகம் சொன்னால், 2023 தீர்ப்பின் நடைமுறைப்படி குழு அமைக்கக் கோருகிறோம் என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் கேட்டபோது நகராத கோப்பு எழுத்தில் கேட்டதும் நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா எழுதி வைக்கவில்லை, சொல்லத்தான் செய்தார். எழுதி, இரண்டு சாட்சி வைத்து, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன் ஒப்பமிட்டிருந்தால்தான் அது முன்விருப்ப ஆவணம் ஆகும். ஆனால் அவர் சொன்னது வீண் அல்ல. குழு உங்களிடம் கேட்கப்போவது உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அல்ல, அவருக்குப் பேச முடிந்தால் என்ன சொல்வார் என்பதை. அதற்கு அந்த ஒரு வாக்கியத்தைவிட நல்ல சான்று கிடையாது. எந்தக் கூட்டாளியைப் பார்த்துவிட்டு வந்தார், எப்போது சொன்னார், வேறு யார் இருந்தார்கள், பிறகு எப்போதாவது அதையே திரும்பச் சொன்னாரா என்று உட்கார்ந்து எழுதுங்கள். தம்பியிடமும் அவர் வேறு விதமாக எதையாவது சொல்லியிருக்கலாம். அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

கருக்கலைப்பைத் தம்பி இதில் இழுத்திருக்கிறார். இரண்டிலும் உயிர் சம்பந்தப்பட்டிருப்பதால் ஒரே மூட்டையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது; ஆனால் உள்ளே இருக்கும் கேள்விகள் வேறு. கருவை எந்த வாரத்திலிருந்து ஒரு தனி மனிதராகக் கருதுவது என்பதில் மதங்களும் தத்துவங்களும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை, அந்தக் கரு இன்னொருவரின் உடலுக்குள் இருக்கிறது என்பது அந்த வழக்கை மேலும் சிக்கலாக்குகிறது. உங்கள் அப்பா முழு மனிதர் என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை, அவர் எவருடைய உடலுக்குள்ளும் இல்லை. எனவே ஒன்றை அனுமதித்தால் மற்றதையும் அனுமதித்தே தீர வேண்டும் என்றோ, ஒன்றை மறுப்பவர் மற்றதையும் மறுக்க வேண்டும் என்றோ கிடையாது; கருக்கலைப்பை முற்றாக எதிர்த்துக்கொண்டே பயனற்ற சிகிச்சையை நிறுத்தலாம் என்று ஏற்பவர்கள் ஏராளம். சட்டங்களைப் பார்த்தால் அவற்றுக்குள் ஒரு பொதுவான இழை உண்டு, அது தம்பி நினைக்கும் இழை அல்ல. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் வயதுவந்த பெண்ணின் சம்மதத்தை மட்டுமே கேட்கிறது, கணவருடையதைக்கூடக் கேட்பதில்லை; 2021 திருத்தம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, குறிப்பிட்ட நிலையிலுள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து, கருவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் அதற்கு மேலும் மருத்துவக் குழுவின் முடிவு என்று வரம்பு கட்டுகிறது. சிகிச்சையை நிறுத்தும் தீர்ப்பும் அப்படியே, யாருடைய உடலோ அவருடைய விருப்பத்தை முன்னிறுத்தி, உறவினரின் வசதியைப் பின்னால் தள்ளி, நடுவில் மருத்துவர்களின் வரம்பை வைக்கிறது. வேண்டாதவர்களை முடித்துவிடும் அனுமதிச் சீட்டு இரண்டிலும் இல்லை.

தம்பி மனைவியின் வீட்டாருக்கு ஒன்று சொல்லுங்கள்: வேண்டுமென்றே உயிரைப் பறிப்பதை கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்க்கிறது, கருக்கலைப்பையும் எதிர்க்கிறது; ஆனால் பலனுக்கு மிஞ்சிய சுமையாகிவிட்ட அசாதாரணச் சிகிச்சையைத் தொடர வேண்டிய கடமை இல்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957ஆம் ஆண்டிலேயே மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசியபோது விளக்கினார். செயற்கை சுவாசம்தான் அன்று அவர் முன் வைக்கப்பட்ட கேள்வி. பங்குத் தந்தையிடம் கேட்டாலும் இதையே சொல்வார். நம் பக்கத்தில், உண்ணாமலிருந்து உயிர்விடும் வடக்கிருத்தலையும் சமணரின் சல்லேகனையையும் மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. அவை நினைவோடிருப்பவர் தாமே எடுத்த நோன்புகள், பேச்சற்றுக் கிடப்பவருக்கு அடுத்தவர் எடுக்கும் முடிவுக்கு அவற்றைத் துணைக்கு அழைப்பது பொருந்தாது.

அத்தை சொல்வதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். விருதுநகர், மதுரை வட்டாரக் கிராமங்கள் சிலவற்றில் தலைக்கூத்தல் என்ற பெயரில் அது நடந்துவந்திருக்கிறது. விடியலில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, பிறகு இளநீரை அடுத்தடுத்துக் கொடுப்பார்கள். அது சடங்குபோலத் தோன்றினாலும் சட்டப்படி கொலை. அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பார்த்துக்கொள்ள ஆளும் வலிக்கு மருந்தும் இல்லாத வீடுகளில் வேறு வழி தெரியாமல் பழகிவந்த ஒன்று அது. ஆனால் அங்கே பெரியவரிடம் யாரும் கேட்பதில்லை, அவருடைய நோய் தீருமா தீராதா என்று எந்த மருத்துவரும் பார்ப்பதில்லை, உடல் தாங்காத ஒன்றைச் செய்து சாவை வரவழைக்கிறார்கள். நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் இளநீர் நுரையீரலுக்குள் போய் மூச்சுத்திணறலில்தான் முடியும். நிம்மதி என்பதற்கு அங்கே இடமே இல்லை.

பணத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், கூச்சத்தோடு எழுதியதாகத் தெரிகிறது. கூச்சப்பட வேண்டாம். தோப்பு போனால் மிச்சமுள்ளவர்கள் எப்படி வாழ்வது என்ற கேள்வி அறத்துக்கு வெளியே இருப்பதல்ல, அப்பாவே கட்டிக் காத்த தோப்பு அது. ஆனால் அதை வரிசையில் பின்னால் வையுங்கள். அவர் மீளும் வாய்ப்பு இருந்து, கையில் பணம் மட்டும் தீர்ந்துவிட்டதென்றால், அதற்கு விடை சிகிச்சையை நிறுத்துவது அல்ல. அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றுவது.

இனி அந்தச் "சொந்தப் பொறுப்பு" கையெழுத்து. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். மருத்துவரின் அறிவுரையை மீறி, பின்விளைவுகளுக்கு நாங்களே பொறுப்பேற்று அழைத்துச் செல்கிறோம் என்று அந்தத் தாளில் அச்சடித்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்வதும் அவர்கள், அறிவுரையை மீறினீர்கள் என்று எழுதி வாங்குவதும் அவர்கள். அதன்பின் நடப்பதை நம் எல்லைக் கிராமங்களில் பல குடும்பங்கள் எனக்குச் சொல்லியிருக்கின்றன: ஆம்புலன்ஸில் உதவியாளர் ஒருவர், கையால் மூச்சு கொடுக்கும் பையான அம்பு பேகை அமுக்கிக்கொண்டே வருவார், வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டி வீட்டு வாசலில் வண்டி நிற்கும், உறவுக் கூட்டத்தின் நடுவே, திண்ணையில் கிடத்திய பிறகு, "எடுத்துடலாமாங்க?" என்று மகனைப் பார்த்துக் கேட்பார். மகன் தலையசைப்பார் அல்லது அழுவார், பை கழற்றப்படும். மூச்சுத்திணறலுக்கு ஒரு துளி மருந்து கிடையாது, அருகில் மருத்துவரோ செவிலியரோ கிடையாது, அடுத்த அரை மணியோ அரை நாளோ அந்தத் திணறலை வீடே பார்த்துக்கொண்டிருக்கும். குழுக்கள் கூடி, எழுத்தில் பதிந்து, மருத்துவர்கள் சேர்ந்து ஏற்க வேண்டிய ஒரு முடிவின் முழுச் சுமையும் படிப்பறிவு குறைந்த ஒரு மகனின் தலையசைப்பில் இறக்கி வைக்கப்படுகிறது. கொன்றுவிட்டேனோ என்று பத்து வருடம் கழித்தும் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவர்கள்தாம். முறைப்படி நிறுத்திய வீடுகளிலும் துக்கம் உண்டு, ஆனால் அந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து என் காதில் அதிகம் விழுந்ததில்லை.

முறைப்படி நிறுத்துவது இப்படி இருக்கும். முடிந்தால் தனி அறைக்கு மாற்றுவார்கள். மணியடிக்கும் கருவிகளை அணைப்பார்கள். மூச்சுத்திணறல் தெரியாதபடி முன்னதாகவே மார்பினும் பதற்றம் தணிக்கும் மருந்தும் கொடுத்து, இயந்திரத்தின் துணையை இறக்கிக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். மார்பின் கொடுத்தே சாகடித்துவிடுவார்கள் என்ற பயம் உங்கள் தம்பிக்கு வரலாம். திணறல் அடங்கும் அளவுக்குக் கொடுப்பதும் மூச்சை நிறுத்தும் அளவுக்குக் கொடுப்பதும் வெவ்வேறு அளவுகள், எவ்வளவு எதற்காகக் கொடுத்தோம் என்பது கோப்பில் பதிவாகும். சிலர் சில நிமிடங்களில் போய்விடுவார்கள், சிலருக்குச் சில நாள் ஆகும். தொண்டையில் கரகர என்று சத்தம் வரலாம்; கேட்பவருக்குத்தான் அது வேதனை, ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு அது தெரிவதில்லை என்றே கருதுகிறோம், அதற்கும் மருந்து உண்டு. வாயை ஈரப்படுத்துவது, பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது எதுவும் நிற்காது. நிறுத்துவது இயந்திரத்தை மட்டுமே.

ஒருவேளை அவர் தானே மூச்சுவிட்டுத் தொடர்ந்தால் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அந்த விஷயத்தில் நாம் எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பது நல்லதாகிவிட்டது. தீராத நோயில் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்பு (பாலியேட்டிவ்) முயற்சி 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கி வளர்ந்து, 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்ததால், இன்று ஊராட்சிதோறும் வீடுவீடாக வரும் பாலியேட்டிவ் செவிலியர் இருக்கிறார். உங்கள் வார்டு ஆஷா பணியாளரிடம் சொன்னால் அவரே பெயர் பதிவு செய்துவிடுவார். செவிலியர் மலையாளம் பேசுபவராக இருந்தாலும் நம் பக்கத்தில் பெரும்பாலும் தமிழ் புரியும். வீட்டில் நிரப்பும் படிவம் மட்டும் மலையாளத்தில் இருக்கும், படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கழுத்துத் துளையில் சளி உறிஞ்சுவது எப்படி, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது எப்படி என்று அவர் கற்றுத் தருவார். வலிக்கும் திணறலுக்கும் மார்பின் வேண்டுமென்றால் தாலுகா மருத்துவமனையின் பாலியேட்டிவ் பிரிவு மூலம் ஏற்பாடு செய்வார். டிஸ்சார்ஜுக்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள், பிறகு அல்ல.

கடைசியாகத் தம்பி. நீங்கள் இருவரும் ஒத்துப்போகாமல் மருத்துவமனை ஒரு அடியும் எடுத்து வைக்காது, வைக்கவும் கூடாது. அவரிடம் "சம்மதிக்கிறாயா" என்று கேட்காதீர்கள். அப்பாவைக் கைவிடச் சொல்வதாகவே அது அவர் காதில் விழும். "அப்பா இப்போது பேசினால் என்ன சொல்வார் என்று நீ நினைக்கிறாய்" என்று கேளுங்கள், பதில் சொல்ல நேரம் கொடுங்கள். நிபுணர் ஸ்கேனை விளக்கும் அறையில் அவரும் இருக்கட்டும், குழுவிடம் தரும் விண்ணப்பத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். எல்லாம் கேட்ட பிறகும் அவர் மறுத்தால், டயாலிசிஸ் கெடுவை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தச் சில நாள் அப்பாவுக்குக் கூடுதல் வலி தராதபடி பார்த்துக்கொள்ளும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். கெடு முடிந்த அன்று இருவருமாக மீண்டும் அதே மருத்துவரைப் பாருங்கள்.